எட்டு ரூம் லாட்ஜும் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட்’டும்

லாட்ஜ் நடத்துகிறவனுக்கு ஊரில் பதினாறு கட்டில் இருக்கும். படுக்க ஒன்று இருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது லாட்ஜ் நடத்தியிருந்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நடத்தாதவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டாம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பாயையும் போர்வையையும் கொடுத்துவிட்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கே சாய்வது என்று ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் முழித்தவர்தானே நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். வாருங்கள், உட்காருங்கள். இடம் இல்லாவிட்டாலும் உட்காருங்கள்.

என் லாட்ஜ் அந்தமானில், அபர்டீன் பஜாரில், ஒரு பிஸ்கட் மொத்தக்கடைக்கு மேலே இருக்கிறது. எட்டு ரூம். மொட்டை மாடிக்குப் போகிற படியோரம் ஒன்பதாவதாக ஓர் அறையும் துக்கடா அடுப்படியும். அங்கேதான் நானும் என் மனைவி பாக்கியமும் குடியிருக்கிறோம். ‘குடியிருக்கிறோம்’ என்பது என் பேச்சு. ‘எடம் கெடைச்சா இருக்கோம்’ என்பது அவள் பேச்சு.

எங்கள் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாம் என்று வீட்டுக்கு ஒரு பாஷை. தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் ஹிந்தி. ஆனால் ஹிந்தியையும் மிஞ்சின ஒரு வார்த்தை இங்கே இருக்கிறது. வெள்ளைக்காரன் ஜெயிலைக் கட்டிவிட்டுக் கப்பல் ஏறும் அவசரத்தில் ஜெட்டியிலேயே, அதாவது கப்பல்துறையிலேயே, மறந்துவிட்டுப் போன வார்த்தை அது: அட்ஜஸ்ட். அகராதியில் அதற்கு என்ன போட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் கவுண்டரில் அதற்கு அர்த்தம் ஆளைப் பொறுத்தது. வடக்குக் கோடி டிக்லிபூர்க்காரர் சொன்னால், ‘பின்னாடி இன்னும் ஆள் வருது’ என்று அர்த்தம். மெயின்லேண்ட் டூரிஸ்ட் சொன்னால், ‘வாடகையைக் குறை’. ஆபீஸ்காரர் சொன்னால், ‘நாளைக்குக் காலி பண்றேன்’. அந்த நாளை எந்த நாளை என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் சொன்னால், ‘ரூம் இல்லை, உள்ளே வாங்க.’

இந்த ஒற்றை வார்த்தையால் இந்த வருஷம் நான் பெண்டாட்டியை மெயின்லேண்டுக்குப் பறிகொடுக்கப் பார்த்தேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். ஆனால் நேராக வந்தால் தப்பு என் மேல் இருப்பதுபோலத் தெரியும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

புருஷன் பெண்டாட்டி மட்டும்

நடு அந்தமான் ரங்கத்திலிருந்து ஒரு பாக்குத் தோட்டக்காரர் போன் பண்ணினார். “அண்ணே, ஆஸ்பத்திரியில ஒரு செக்கப். நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான். ஒரே ரூம் போதும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்” என்றார். புருஷன் பெண்டாட்டி இருவருக்குள் அட்ஜஸ்ட் பண்ண என்ன இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பஸ் வந்து நின்றது. அவர் இறங்கினார். மனைவி இறங்கினாள். பிள்ளைகள் இறங்கினார்கள். மாமியார் இறங்கினார். மாமியாரின் தங்கை இறங்கினார். அவர்களுக்குப் பின்னால், யாருடையது என்று கடைசிவரை தெரியாத ஒரு சேவல் இறங்கியது. பஸ்ஸில் டிரைவர் மட்டும்தான் மிச்சம்.

எப்படிப் படுத்தார்கள் என்று கேளுங்கள். சீப்பில் வாழைப்பழம் இருக்குமே, அதுபோல அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்தார்கள். தனியாக ஒருவர் புரள வழியே இல்லை. அதனால் தோட்டக்காரர் அவ்வப்போது “கர்வட்!” என்று ஹிந்தியில் ஒரு குரல் கொடுப்பார். உடனே மொத்தக் குடும்பமும், சேவல் உட்பட, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் புரளும். கீழே பிஸ்கட் டின்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கி அடங்கும். நிலநடுக்கம் என்று நினைத்து மொத்தக்கடைக்காரர் கல்லாப் பெட்டியோடு நடுரோட்டுக்கு ஓடிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்படிப் புரண்டு புரண்டு ஓரத்திலிருந்த மாமியாரின் தங்கை வாசற்படியைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். விட முடியுமா? அழைத்துக்கொண்டுபோய்ப் பாக்கியத்தின் கட்டிலில் படுக்க வைத்தேன். பாக்கியம் ஒன்றும் சொல்லாமல் தரையில் பாயை விரித்தாள். ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். கல்யாணமானவர்கள் யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

காலையில் தோட்டக்காரர் சோம்பல் முறித்துக்கொண்டே கவுண்டருக்கு வந்தார். தோள்பட்டை கதவு அளவுக்கு வீங்கியிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி. “அண்ணே, ரூம் நல்லாப் பெருசு. தெரிஞ்சிருந்தா தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருப்பேனே!” என்றார்.

ஷவருக்கு வைத்தியம்

வெயில் காலத்தில் எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் டிரம், வாளி, அண்டா, பிரஷர் குக்கர் என்று வாயுள்ள எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்வோம். தீவுக்காரர்களுக்கு இது பழக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பம்ப்செட் இஞ்சினியருக்குப் பழக்கமில்லை. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு கதவிடுக்கில் தலையை நீட்டி, “பெரியவரே, ஷவர்ல தண்ணி வர்றதில்லைங்களே?” என்றார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்” என்றேன். வாளித் தண்ணீர் வருகிறது, அதில் குளியுங்கள் என்று அர்த்தம். பாக்கியம் சமையலுக்கு வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டுகொண்டும் போனேன்.

அவர் வாளியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இங்கிலீஷ் முறையாகப் படித்தவர். அட்ஜஸ்ட் என்றால் திருகு, முடுக்கு, சரிசெய் என்று எடுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்டார். எங்கள் லாட்ஜில் சமையல், சுத்தம், சண்டை மூன்றையும் பார்க்கிற கோபால்தா, வங்காளி, என்னைவிட நல்ல மனசுக்காரர், எடுத்துக் கொடுத்துவிட்டார். இஞ்சினியர் ஷவரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கட்டில்மேல் பரப்பினார். ஒவ்வொரு வாஷரையும் ஊதினார், துடைத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். மேலே பூசிய நுரை காய்ந்து அவர் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டார். “அண்ணா, ஏ ஆத்மி ஷவருக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றான்” என்று கோபால்தா என் காதில் முணுமுணுத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, “இப்பத் திறங்க!” என்றார் இஞ்சினியர். கோபால்தா திறந்தார்.

முனிசிபாலிட்டிக்காரர்கள் அந்த வினாடியில்தான் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். வந்தது பாருங்கள் ஒரு வேகம்! கோபால்தா சுவரோரம் போய் விழுந்தார். சோப்புக்கட்டி ஜன்னல் வழியாகப் பறந்து கீழே மொத்தக்கடைக்காரரின் டீ கிளாஸில் விழுந்தது. அவர் அதையும் பிஸ்கட் என்று நினைத்து ஒரு கடி கடித்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்; நம்பாதீர்கள். இஞ்சினியர் குளித்து, தலை துவட்டி, பவுடர் போட்டுக்கொண்டு இறங்கி வந்து என் தோளில் தட்டினார். “இத்தனை வருஷம் ஓர் இஞ்சினியர் இல்லாம எப்படிங்க பெரியவரே சமாளிச்சீங்க?”

கப்பல் ஊதினதும் கான்ட்ராக்டர் ஊதினதும்

சிவகங்கைப் பக்கத்து கான்ட்ராக்டர் ஒருவர் மூன்றாம் நம்பரில் இருந்தார். தங்கமான மனிதர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் மட்டும் மனிதராக இருக்கமாட்டார். அந்தக் குறட்டையைக் குறட்டை என்று சொல்வது மரியாதையில்லை. அடிவயிற்றில் புறப்பட்டு, தொண்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கு வழியாக வெளியேறும்போது அச்சு அசல் கப்பல் சங்கு. துறைமுகத்தில் நிற்கிற சின்னப் படகுகள் பதிலுக்கு ஊதியதாகப் பேச்சு உண்டு.

பக்கத்து ரூமில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், லீவுக்கு ஊருக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தார். முதல் நாள் இந்தச் சங்கு ஊதியதும், ஐயோ கப்பல் கிளம்புகிறதே என்று லுங்கியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஹாடோ ஜெட்டிக்குப் பறந்தார். அங்கே கப்பலும் இல்லை, ஜனமும் இல்லை; ஒரு நாய் மட்டும் வழியனுப்ப வந்திருந்தது. திரும்பி வந்து என்னிடம் குதித்தார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார், அது மூணாம் நம்பர்தான்” என்று சமாதானம் சொன்னேன். அவரும் பண்ணிக்கொண்டார். மறுநாள் நிஜக் கப்பலே ஊதியது. வாத்தியார், ‘மூணாம் நம்பர்தானே’ என்று புரண்டு படுத்துவிட்டார்.

கப்பல் போய்விட்டது. அவர் ரூமுக்கு அடுத்த ஆள் பெட்டியோடு வந்து நிற்கிறார். வாத்தியாரை எங்கே போடுவது? எங்கள் அறையில்தான். நான் கவுண்டர் பெஞ்சுக்கு மாறினேன். பாக்கியம் அடுப்படிக்கு மாறினாள். அரிசி டின்னுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவிலிருந்து, “என்னங்க, இந்தச் சிலிண்டர் நம்மளுதுதானா, இல்ல அதையும் யாருக்காவது விட்டுட்டீங்களா?” என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். வாத்தியார் என் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு புலம்பினார்: “அவரு ஊதினப்ப ஓடினேன், கப்பல் ஊதினப்ப தூங்கினேன். ரெண்டு சத்தத்தையும் கொஞ்சம் மாத்தி அட்ஜஸ்ட் பண்ணி வைக்கக் கூடாதா பெரியவரே?”

ஃபேனை ரெண்டுல வைங்க

பாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் பரமக்குடிப் பக்கம். அவள் குழந்தையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் முடியாது என்பதற்குப் ‘பார்க்கலாம்’, ‘அப்புறம்’, ‘உடம்பு சரியில்லை’ என்று பல பெயர் உண்டு. அவர்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஏலாது. அதை அவள் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொன்னதில்லை. சேர்த்து வைத்திருக்கிறாள்.

அந்த மாதம் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு மாற்றலாகி வந்த ஒரு ஹெட் கிளார்க் எங்களிடம் தங்கியிருந்தார். குவார்ட்டர்ஸில் பழைய ஆள் காலி பண்ணவில்லை. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட்’ என்று ஹெட் கிளார்க்கிடம் சொல்லியிருந்தார். ஹெட் கிளார்க் அதை என்னிடம் சொன்னார். நான் யாரிடம் சொல்வது? அவருடைய ரூமுக்கு முன்பதிவு பண்ணினவர்கள் வந்து இறங்கிய மத்தியானம், பாக்கியம் முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். சும்மா கிடந்த கட்டில். ஹெட் கிளார்க்கை ஏற்றிவிட்டேன்.

நெற்றியில் விபூதியும் கையில் பிரசாதமுமாகப் பாக்கியம் கதவைத் திறந்தாள். அவள் கட்டிலில், அவள் போர்வைக்குள், மீசை வைத்த ஒரு மனிதர். “யாருங்க நீங்க?” என்றாள். அவர் மரியாதையாகக் காலை மட்டும் மடக்கிக்கொண்டு, “அம்மா, பெரியவர் சொல்லித்தான் படுத்திருக்கேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. போறப்ப அந்த ஃபேனை ரெண்டுல வச்சிட்டுப் போங்க” என்றார்.

பாக்கியம் ஃபேனை இரண்டில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கவுண்டருக்கு இறங்கி வந்து என் முன்னால் பிரசாதத்தை வைத்தாள்.

“என்னால ஏலாது.”

“எது?”

“எதுவும். மகன் மதுரையில எனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கான். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் போடச் சொல்லப் போறேன். போனா வர மாட்டேன்.”

“பாக்கியம், கொஞ்சம் அட்...”

“அந்த வார்த்தை இன்னொரு வாட்டி உங்க வாயில வந்திச்சு, நீந்தியே போயிடுவேன்.”

அவள் சொன்னால் நீந்தக்கூடியவள். முதலில் நான் சிரித்தேன். டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற சத்தம் மாடியிலிருந்து கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வயசில் ஒரு மனிதனுக்குப் பெண்டாட்டி போனால் எல்லாமே போன மாதிரிதான். காலையில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது முதற்கொண்டு அவளுக்குத்தான் தெரியும். ஆறுதலுக்குக் கோபால்தாவைப் பார்த்தேன். அவர் விளக்குமாற்றை என் முன்னால் சாய்த்து வைத்தார். “பாபி ஜாயேகா தோ ஹம் பி ஜாயேகா, அண்ணா. அண்ணி போனா நானும் போவேன். உங்க ஒரு ஆளுக்கு டீ போட நான் இந்தத் தீவுக்கு வரல.”

கடல் சரியில்லை

கிளம்புகிற நாளில், “வழியனுப்ப வர வேணாம். கவுண்டர்ல ஆள் வேணுமில்ல?” என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் ஆட்டோவில் ஏறினாள். பெட்டியோடு கோபால்தாவும் போனார். மணிக்கூண்டைச் சுற்றி ஆட்டோ மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைந்த பிறகும் கையை ஆட்டினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், நிஜமாகவே ஆட்டினேன்.

ஆட்டின கையோடு திரும்பினால் கவுண்டரில் ஒரு புது ஜோடி. டிக்லிபூர்ப் பிள்ளைகள், கழுத்தில் மஞ்சள் கயிறு காயவில்லை. “தாத்தா, எங்க போனாலும் ரூம் இல்லேங்கிறாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன்” என்றது அந்தப் பெண். தூங்குகிற குழந்தையைப் பார்த்தால் சில பேருக்குக் கிள்ளத் தோன்றும். காலிக் கட்டிலைப் பார்த்தால் லாட்ஜ்காரன் கை அப்படித்தான் துறுதுறுக்கும். ஹெட் கிளார்க் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டார்; பாக்கியம் காலையில் போட்ட விரிப்பின் மடிப்புகூடக் கலையவில்லை. அதில் அவர்களை விட்டுவிட்டு இறங்கி வந்து, மறுபடியும் வருத்தப்பட ஆரம்பித்தேன்.

நன்றாக வருத்தப்பட்டு முடிப்பதற்குள் வாசலில் அதே ஆட்டோ. கடல் சரியில்லை, கப்பல் இன்றைக்கு இல்லை, இனி எப்போது என்று பிறகு சொல்வார்களாம். பாக்கியம் என்னைப் பார்க்காமலே படியேறினாள். நான் பேனாவைத் தேடுகிற பாவனையில் கவுண்டருக்கு அடியில் போய்விட்டேன். மேலே கதவு தட்டுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். பிறகு, “சாப்பிட்டியாம்மா?” என்று பாக்கியத்தின் குரல். பிறகு படியில் இறங்கி வருகிற செருப்புச் சத்தம்.

“வெளிய வாங்க. நான் கஸ்டமர்.”

“பாக்கியம், நீ போயிட்டேன்னு நெனச்சு...”

“ஆட்டோ சூடு ஆறலை. அதுக்குள்ள ஆள் ஏத்தியாச்சு. ரூம் இருக்கா, இல்லையா?”

“இல்லை.”

“அப்ப நாற்காலி.”

என் சாய்வு நாற்காலியை அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த கப்பல் எப்போது என்று அறிவிக்கிற வரைக்கும் எனக்கு வாய்த்ததிலேயே கொடுமையான கஸ்டமர் அவள்தான். டீயில் சர்க்கரை கம்மி என்றாள். தலையணை உறையை மாற்று என்றாள். மாற்றினால் பழையதே தேவலை என்றாள். ரூம் கேட்டு வந்தவர்களுக்கு நாற்காலியில் இருந்தபடியே “இல்ல” என்று ஒரே ஒரு சொல். என்னிடம் பேசிப் பேசித் தண்ணீர் குடித்துவிட்டுத் தங்கிவிடுகிற ஜனங்கள், அந்த ஒரு சொல்லுக்கு, கேள்வி கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மூலையில் ஒரு ஸ்டூலில். இரண்டாம் நாளே புதுப்பெண்ணுக்குப் பாக்கியம் வேண்டப்பட்டவளாகிவிட்டாள். இருவரும் சேர்ந்து பூண்டோடு என்னையும் உரித்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் தனியாக என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: “தாத்தா, அந்த அம்மா பாவம். அவங்க புருஷன் கட்டிலையே வாடகைக்கு விட்டுட்டானாம். அந்த ஆளு இந்தப் பக்கம் வந்தா ஒரு ஓரத்துல உட்கார வச்சு நல்லாக் கேளுங்க தாத்தா!”

கட்டிலில் ஆள் இருக்கு

மறுபடியும் கப்பல். மறுபடியும் ஆட்டோ. “இந்த வாட்டி கப்பல் நின்னாலும் வர மாட்டேன். ஜெட்டியிலயே படுத்துக்குவேன். அங்க எடம் தாராளமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் போனாள். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. கப்பல் நிற்க வழியில்லை.

நான் எங்கள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தால் கை தானாகச் சாவியை எடுத்துவிடும், அதுதான் பயம். சற்று நேரத்தில் கோபால்தா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாராவ் என்று ஒரு தெலுங்கர், இறால் வியாபாரி. தீவுப் படகு நிரம்பி, இவரை ஜெட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டதாம். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். வியர்த்துக் கொட்டியது. பார்க்கவே பரிதாபம்.

“பாய்சாப், ஒரே ராத்திரி. தோடா அட்ஜஸ்ட் கரோ.”

“ரூம் இல்லைங்க.”

“இது என்ன?”

“இதுல ஆள் இருக்கு.”

அவர் கட்டிலை ஒருமுறை பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். “எங்கே ஆள்?”

“வெளிய போயிருக்காங்க.”

கோபால்தா என்னை ஓரமாக இழுக்கப் பார்த்தார். “அண்ணா, பாபி ஜகாஸ்ல, கப்பல்ல உட்கார்ந்தாச்சு. நானே பெட்டிய வச்சிட்டு வந்தேன். கட்டில் காலி ஹை.”

“காலி இல்லை” என்றேன். கட்டில் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அப்பாராவ் கெஞ்சினார். கும்பிட்டார். தன் இடுப்பு வலியைச் சொன்னார். வலிக்கிற இடத்தைத் தொட்டும் காட்டினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அழுதிருப்பேன். அவரைக் கட்டிலில் போட்டு, தைலமும் தேய்த்துவிட்டிருப்பேன். அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “ஏலாது.” எனக்கே யாரோ பேசின மாதிரி இருந்தது. அப்பாராவுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வராந்தாவில் பெட்டிமேல் உட்கார்ந்து தெலுங்கில் என்னைத் திட்ட ஆரம்பித்தார். வாகாகத் திட்டுவதற்குத் தெலுங்கைப்போல ஒரு பாஷை இல்லை.

அப்போது கப்பல் ஊதியது. கான்ட்ராக்டர் ஊரில் இல்லை. நிஜக் கப்பல்தான். நீளமாக ஊதி, ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் ஊதியது. கோபால்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்; கையில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பெண்டாட்டி இல்லாத வீட்டில், பெண்டாட்டிக்காக ஒரு கட்டிலைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவனை நினைத்துச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

வராந்தாவில் அப்பாராவின் குரல் திடீரென்று தெலுங்கிலிருந்து மாறியது. யாரிடமோ முறையிடுகிறார். “அம்மா, நீங்களே கேளுங்க! இந்தப் பெரியவருக்கு மனசாட்சி இருக்கா? காலிக் கட்டிலை வச்சுக்கிட்டு ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னு ஒரே பிடிவாதம். நானும் அந்தமான்ல எல்லா லாட்ஜும் பார்த்தாச்சு, இப்படிக் கல்லு மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்கல!”

“யாரு, இவரா?” என்றது ஒரு குரல். “கட்டில் இல்லேன்னாரா? நெஜமாவா?”

“சாமி சத்தியம், அம்மா!”

வாசலில் பாக்கியம். தலையில் மல்லிகை வாடியிருந்தது. பின்னால் ஆட்டோக்காரர் டிரங்குப் பெட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் தலையணையோடு எழுந்தேன். “கப்பல்...?” என்றேன்.

“கால் வைக்கல, அதுக்குள்ள ஒருத்தி வந்து, ‘அக்கா, உங்க கீழ் பெர்த்த எங்க மாமியாருக்குக் குடுத்துட்டு, நீங்க மேல ஏறிக்கோங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட்’டுங்கிறா. என் வயசுக்கு நான் மேல ஏறவா? மூணு நாளைக்கு அவளோட மல்லுக்கட்டுறதுக்கு, பழகின ஆளோடயே கட்டலாம்னு ஏணி எடுக்கிறதுக்குள்ள எறங்கிட்டேன்.”

“அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?”

“பஜார்ல ஒரு வேலை இருந்திச்சு.” பையிலிருந்து புத்தம்புதுப் பூட்டு ஒன்றை எடுத்தாள். தேங்காய் மூடி அளவு. எங்கள் அறைக் கதவில் மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்து, திறந்தாள். சாவியைத் தாலிச் சரட்டோடு சேர்த்துக் கோர்த்துக்கொண்டாள். பிறகு அப்பாராவைப் பார்த்து, என் சாய்வு நாற்காலியைக் காட்டி, “நீங்க அதுல படுங்க தம்பி, இடுப்புக்கு நல்லது” என்றாள். அவர் கும்பிட்டுக்கொண்டே போனார். நான் மெதுவாக, “அப்ப நான்?” என்றேன்.

பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரித்தாளா இல்லையா என்று சத்தியமாகத் தெரியவில்லை. “சாவி ஒண்ணுதான். வேணும்னா கதவத் தட்டிக் கேளுங்க. எடம் இருந்தா அட்ஜஸ்ட் பண்றேன்.”

தினமும் சாப்பாடானதும் போய்த் தட்டுகிறேன். இடம் இல்லை என்று அவள் இதுவரை சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறக்கிறாள்.